இருபது வருஷமா இருக்கு

என் பெரியம்மாவிடம் எதைக் கேட்டாலும் இருபது வருஷம் என்றுதான் சொல்வார். முட்டி வலி எத்தனை நாளாக? இருபது வருஷமா. சிவாஜிநகர் பஸ்ஸுக்கு எவ்வளவு நேரமாக நிற்கிறீர்கள்? இருபது வருஷமா நிக்கறேன். கல்யாணமாகி எதிர்வீட்டுக்கு வந்த புதுப் பெண்ணைக்கூட இருபது வருஷமாகத் தெரியும் என்று ஒருமுறை சொன்னார். அந்தப் பெண்ணுக்கு வயதே அவ்வளவுதான் இருக்கும்.

இதில் பொய் சொல்லும் எண்ணம் துளியும் கிடையாது. எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லோருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. சர்க்கார் ஆஸ்பத்திரி வரிசையில் காலை முழுக்கக் கால் கடுக்க நின்று, டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தால் கிடைப்பது ஒரு நிமிஷம். அப்போது "நேத்துலேருந்து வலிக்குது" என்றால் அவர் தலையை நிமிர்த்தாமலே மாத்திரை எழுதி அனுப்பிவிடுவார். ரொம்ப வருஷமாக என்றால் ஒரு தடவையாவது முகத்தைப் பார்ப்பார். அதனால் எங்கள் பெங்களூர் ஜீவனஹள்ளியில் ஆளுக்கு ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். என் அம்மாவுக்குப் பத்து வருஷம். அம்மாவின் அக்காவான பெரியம்மாவுக்கு இருபது. மூத்தவர் இல்லையா.

பெரியம்மா ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயாவாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெரியப்பா முன்பே போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. ஜீவனஹள்ளியில் ஒரே காம்பவுண்டுக்குள் வரிசையாக இருந்த சின்ன வீடுகளில் கடைசி வீடு அவருடையது. ஓர் அறை, ஒரு சமையல்கட்டு. அது லீஸ் வீடு. பெங்களூரில் எங்களைப் போன்றவர்களுக்கு அதுதான் தோது. மொத்தமாக ஒரு தொகையை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டால் மாத வாடகை கிடையாது. காலி செய்யும்போது அந்தத் தொகை அப்படியே திரும்பி வரும். பெரியப்பா வேலை பார்த்த தொழிற்சாலையில் இருந்து வந்த பணம் முழுவதும் அந்த வீட்டுக்காரரிடம் இருந்தது. அது போக, பெரியம்மாவின் சொத்து ஒரு டிரங்குப் பெட்டியும் வாசல் கதவின் பித்தளைப் பூட்டும்தான். பக்கத்துக் கடைக்குப் போய்க் கொத்துமல்லி வாங்கி வந்தாலும், இடுப்பில் இருந்து சாவியை எடுத்து அந்தப் பூட்டைத் திறப்பதில் அவருக்கு ஒரு தோரணை உண்டு. ஏதோ அரண்மனையைத் திறப்பது மாதிரி இருக்கும்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ஓர் ஆவணி மாதம் அவருக்கு நெஞ்சு வலி வந்தது. பைபாஸ் ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும் என்றார்கள். நாங்கள் ஆடிப்போனோம். பெரியம்மா ஆடவில்லை. "எனக்கு இன்சூரன்ஸ் இருக்குது" என்றார். பள்ளிக்கூடத்தில் இருந்தபோது ஓர் ஏஜெண்ட் வந்து ஆயாக்கள் எல்லோருக்கும் மருத்துவ இன்சூரன்ஸ் எடுத்துக் கொடுத்திருந்தார். மற்றவர்கள் அடுத்த வருஷமே விட்டுவிட்டார்கள். பெரியம்மா மட்டும் ஓய்வு பெற்ற பிறகும் வருஷா வருஷம் தானே கம்பெனிக்குப் போய் வரிசையில் நின்று பிரீமியம் கட்டிக்கொண்டிருந்தார். ஆறு வருஷம் ஆகியிருந்தது.

அந்த நாளில் ஆஸ்பத்திரிக்கு முதலில் நாம் பணம் கட்ட வேண்டும்; கம்பெனி பிறகு தரும். கையில் பணம் ஏது? பெரியம்மா வீட்டைக் காலி செய்து, லீஸ் பணத்தை வாங்கி ஆஸ்பத்திரியில் கட்டினார். ஆபரேஷன் நன்றாக முடிந்தது. காக்ஸ் டவுனில் நான், என் கணவர், மகள் மூவரும் இருந்த வாடகை வீட்டுக்கு அவரை அழைத்து வந்தோம். பாத்திரங்கள் இரண்டு சாக்குகளில் எங்கள் கட்டிலுக்கு அடியில் போயின. வாசல் பூட்டை மட்டும் டிரங்குப் பெட்டிக்குப் போட்டுக்கொண்டார்.

"கம்பெனி பணம் வந்ததும் அதே தெருவுல வேற வீடு பாத்துக்கறேன் கண்ணு. கொஞ்ச நாள்தான்" என்றார் ஹாலில் பாயை விரித்துக்கொண்டே.

"இதுவும் உங்க வீடுதான் பெரியம்மா. சும்மா எதுக்கு அவசரம்" என்றேன். மனதார நினைத்துத்தான் சொன்னேன்.

தீபாவளி போயிற்று. கார்த்திகையில் கம்பெனியின் பதில் வந்தது. பாலிசி எடுப்பதற்கு முன்பே நோய் இருந்திருக்கிறது, அதை மறைத்து எடுத்திருக்கிறார், அதனால் பணம் கிடையாது. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. நான் ஒரு தனியார் ஆபீசில் டைப்பிஸ்ட். அரை நாள் லீவு போட்டுவிட்டு பெரியம்மாவையும் அழைத்துக்கொண்டு கம்பெனிக்குப் போய் மேசையைத் தட்டினேன். அங்கிருந்த அதிகாரி சத்தம் போடவில்லை. ஆஸ்பத்திரியின் கேஸ் ஷீட் நகலை என் பக்கம் திருப்பி வைத்தார். சேர்க்கும்போது டியூட்டி டாக்டர் கேட்டு எழுதியது. சுகர், இருபது வருஷம். பிபி, இருபது வருஷம்.

"பேஷண்ட் தன் வாயால சொன்னது மேடம்" என்றார் அதிகாரி.

வெளியே வந்து, படிக்கட்டிலேயே பெரியம்மாவைப் பிடித்துக்கொண்டேன்.

"டாக்டர் கிட்ட என்னா சொன்னீங்க?"

"கேட்டாரு, சொன்னேன்."

"இருபது வருஷமா சுகர் இருக்குதுன்னா?"

"பின்ன, நேத்து வந்துச்சுன்னா சொல்லுவாங்க? ஆபரேஷன் பண்ணமாட்டேன்னு அனுப்பிட்டா?"

"நிஜமா எப்ப வந்துச்சு?"

கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. "உன் பொண்ணு சடங்கு அன்னிக்கு மயக்கமா வந்து உக்காந்துட்டேனே. மறுநாள் நம்ம கிளினிக்குல ரத்தம் எடுத்துப் பாத்தாங்க. அப்பதான் ரெண்டும்."

என் மகளுக்குச் சடங்கு நடந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. பாலிசி அதற்கு நான்கு வருஷம் மூத்தது. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அழுகைதான் வந்தது. அன்றே முடிவு செய்தேன், இந்தப் பணத்தை வாங்காமல் விடுவதில்லை என்று. நியாயம், சட்டம் என்றெல்லாம் அப்போது பெரிதாகத் தோன்றவில்லை. இந்த மனுஷியை ஒரு வாய் வார்த்தைக்காகக் காலம் முழுக்க ஹாலில் படுக்க வைத்துவிட்டார்களே என்ற ஆத்திரம்தான்.

ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு சர்ச் ஹாலில் சனிக்கிழமை சாயங்காலங்களில் வயதானவர்களுக்குச் சட்ட உதவி செய்கிறார்கள் என்று ஆபீசில் ஒருவர் சொன்னார். போனோம். பென்ஷன் நின்றுபோனவர்கள், வீட்டை மகன் பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு விழிப்பவர்கள், உயில் எழுத வந்தவர்கள் என்று பிளாஸ்டிக் நாற்காலிகள் நிறைந்திருந்தன. கோர்ட்டில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு வக்கீலம்மா எல்லோருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். பல தலைமுறையாக அந்தப் பகுதியிலேயே இருக்கும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். கண்டிப்பான குரல். ஆறிப்போன காபியைக் குடித்துக்கொண்டே எங்கள் கதையைக் கேட்டார்.

"முன்னாடியே நோய் இருந்துச்சுன்னு ப்ரூவ் பண்ண வேண்டியது கம்பெனிதான், நீங்க இல்ல. அவங்க கையில ஒரு பழைய சீட்டு, ஒரு டெஸ்ட் ரிப்போர்ட் இருக்கா? இல்லல்ல? கேஸ் ஷீட்ல ஒரு வரிய வச்சிக்கிட்டு பயம் காட்றாங்க. கன்ஸ்யூமர் ஃபோரத்துல போடு."

"வக்கீல் வைக்கறதுக்கெல்லாம்..."

"வக்கீல் எதுக்கு? அங்க யார் வேணா பேசலாம். உன் பெரியம்மா சார்பா நீயே பேசு."

"நானா? எனக்குக் கத்தத்தான் தெரியும் மேடம்."

"அதையே மெதுவா செய்" என்றார். காபியை முடித்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

அதன் பிறகு என் சனிக்கிழமைகள் அந்த ஹாலில்தான் கழிந்தன. வக்கீலம்மா சொல்லச் சொல்ல எழுதுவேன். திங்கட்கிழமை மதிய சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் மெஷினில் டைப் அடிப்பேன். ஜீவனஹள்ளி கிளினிக் டாக்டரிடம், சுகரும் பிபியும் கண்டுபிடித்தது எப்போது என்று ஒரு கடிதம் வாங்க வேண்டியிருந்தது. கோர்ட் விவகாரம் என்றதும் அவர் நழுவினார். நான் தினமும் ஆபீஸ் விட்டதும் அவருடைய கிளினிக் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டேன். நோயும் இல்லாமல், போகவும் செய்யாமல் ஒருத்தி உட்கார்ந்திருந்தால் எந்த டாக்டரால் தாங்க முடியும்? கடைசியில் எழுதிக் கொடுத்துவிட்டார்.

நடுவில் பொங்கல் வந்தது. எங்கள் கேஸ் அடுப்பில் நான் புதுப்பானை வைத்தேன். பெரியம்மா குளித்து, நல்ல சேலை கட்டி, சமையல்கட்டு வாசலில் நின்றார். உள்ளே வாருங்கள் என்று கூப்பிட்டதற்கு, இடம் சின்னது, நீ பாரு என்றார். பானை பொங்கியபோது எல்லோருடனும் சேர்ந்து பொங்கலோ பொங்கல் சொன்னார். அவருடைய வெண்கலப் பானை கட்டிலுக்கு அடியில் சாக்கில் இருந்தது. எனக்கு அது நினைவுக்குக்கூட வரவில்லை. ஆடியில் பெரியப்பாவின் திதியும் எங்கள் ஹாலிலேயே நடந்தது. பெரியப்பாவின் படத்தை டிவி மேல் வைத்து மாலை போட்டோம்.

கேஸ் இழுத்துக்கொண்டே போயிற்று. ஒரு முறை கம்பெனி வக்கீல் வரவில்லை. ஒரு முறை நுகர்வோர் மன்றத்தில் ஓர் உறுப்பினர் வரவில்லை. இன்னொரு முறை எல்லோரும் வந்தார்கள், நேரம் போதவில்லை. வீட்டில் கணவர், "போதும் விடேன், அவங்க நம்மகூடவே இருக்கட்டும்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். பெரியம்மா அதைக் கேட்டுக்கொண்டே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில், "அடுத்த வாய்தா எப்ப கண்ணு?" என்று மட்டும் கேட்டார்.

எனக்கு ஒரே ஒரு பயம்தான். பெரியம்மா வாயைத் திறந்துவிடக் கூடாது. வக்கீலம்மா ஒரு சனிக்கிழமை அவருக்கு ஒத்திகை வைத்தார்.

"சுகர் எப்பத்துலேருந்து?"

"இருபது வருஷமா" என்றார் பெரியம்மா. சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டார். வக்கீலம்மா மறுபடி கேட்டார். மறுபடியும் அதேதான். மூன்றாவது தடவை மிகவும் கஷ்டப்பட்டு, "நேத்துலேருந்து" என்றார். வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டார். இவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தலையே சுற்றியது. அன்று பஸ்ஸில் வரும்போது கறாராகச் சொல்லிவிட்டேன். "அங்க வந்து உக்காருங்க போதும். யார் என்னா கேட்டாலும் என்னைக் கை காட்டுங்க."

"ஆயித்து" என்றார், சரி என்பதைக் கன்னடத்தில். கோபம் வந்தால் அவர் கன்னடத்துக்குப் போய்விடுவார்.

இரண்டாவது தீபாவளியும் முடிந்த பிறகுதான் எங்கள் வாதத்துக்கு நாள் வந்தது. மன்றத் தலைவர் ஓய்வு பெற்ற நீதிபதி. கம்பெனி வக்கீல் சின்ன வயசு, மரியாதையான பையன். கேஸ் ஷீட்டை எடுத்து நிறுத்தி நிதானமாக வாசித்தார். இது நோயாளி தானே சொன்னது, டாக்டருக்குப் பொய்யாக எழுத வேண்டிய அவசியம் என்ன, கிளினிக் டாக்டரின் கடிதம் பிறகு வாங்கிச் சேர்த்தது என்றார். கேட்கக் கேட்க எனக்கே அவர் பக்கம் நியாயம் இருப்பது போலத் தோன்றியது. நான் எழுந்தேன். டைப் அடித்துக் கொண்டுபோனதைப் பார்த்து மெதுவாகப் பேசினேன். தலைவர் தலையாட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

பிறகு காகிதங்களை ஓரமாக நகர்த்தியவர், என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியம்மாவைப் பார்த்தார். பாவம் என்று தோன்றியிருக்க வேண்டும். கன்னடத்தில் கேட்டார், அம்மா, இந்தக் கேசுக்காக எவ்வளவு நாளாக அலைகிறீர்கள் என்று.

நான் கையை நீட்டுவதற்குள் பெரியம்மா எழுந்துவிட்டார்.

"இப்பத்து வருஷ ஆயித்து ஸ்வாமி."

இருபது வருஷம் ஆயிற்றாம். அந்த மன்றம் தொடங்கியே அத்தனை காலம் ஆகியிருக்கவில்லை. பின்னால் யாரோ சிரித்தார்கள். தலைவரும் சிரித்துவிட்டார். கம்பெனி வக்கீல்கூடக் குனிந்துகொண்டார். பெரியம்மாவுக்கு எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புரியவில்லை. "நான் என்னா தப்பா சொல்லிட்டேன்?" என்று தமிழில் என்னைப் பார்த்துக் கேட்டார். குடி முழுகிப்போயிற்று என்றுதான் ஒரு கணம் நினைத்தேன். அடுத்த கணம் எழுந்து நின்றேன். கையில் காகிதம் இல்லை. மெதுவாகவும் பேசவில்லை.

"சார், ஒரு வருஷமா நான் சொல்ல வந்தது இதுதான். இவங்களுக்கு எல்லாமே இருபது வருஷம். முட்டி வலி இருபது வருஷம், பஸ்ஸுக்கு நின்னது இருபது வருஷம், உங்க முன்னாடி நிக்கறதும் இருபது வருஷம். டியூட்டி டாக்டரும் இப்படித்தான் கேட்டிருப்பார், இவங்களும் இப்படித்தான் சொல்லியிருப்பாங்க. அந்தக் கேஸ் ஷீட்டுல இருக்கறது நோயோட வயசு இல்ல சார். எங்க பெரியம்மா பேசற பேச்சு."

கன்னடமும் தமிழும் இங்கிலீஷும் கலந்து எப்படியோ சொல்லி முடித்தேன். தலைவர் சிரிப்பதை நிறுத்திவிட்டு, கம்பெனி வக்கீலிடம் திரும்பினார். பாலிசிக்கு முன்னால் இவர் எங்காவது சிகிச்சை எடுத்ததற்கு ஒரு சீட்டு இருக்கிறதா? ஒரு ரத்தப் பரிசோதனை? அந்தப் பையன் காகிதக் கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இல்லை என்றார்.

தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. கம்பெனியும் மேலே போகாமல் பணத்தைக் கொடுத்துவிட்டது. பின்னாளில் நானும் சனிக்கிழமைகளில் அந்தச் சர்ச் ஹாலில் ஒரு நாற்காலி போட்டு உட்கார ஆரம்பித்தேன். இன்சூரன்ஸ் என்று யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது, டாக்டரிடம் எத்தனை வருஷம் என்று சொன்னீர்கள் என்பதைத்தான். பாதிப் பேர் நாக்கைக் கடித்துக்கொள்வார்கள்.

செக் வந்தபோது மார்கழி பிறந்திருந்தது. மறுநாளே பெரியம்மா ஜீவனஹள்ளிக்குப் போய் அதே தெருவில் ஒரு வீடு பார்த்து, பேசியும் முடித்துவிட்டு வந்தார். வெள்ளிக்கிழமை குடி போகிறேன் என்றார்.

"மார்கழியில யாராவது குடி போவாங்களா? தை பொறக்கட்டும், பொங்கல் முடிச்சிட்டுப் போங்க" என்றேன். கணவர் சொன்னார். என் அம்மா வந்து சொன்னார். புது வீட்டுக்காரரே, இப்போது சாமான் கொண்டுவந்தால் போதும், பால் காய்ச்சுவதைத் தையில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். சாமி, சாத்திரம் எல்லாவற்றுக்கும் பயப்படுகிற பெரியம்மா எதற்கும் அசையவில்லை. ஆபரேஷன் செய்த உடம்பு, சூடாக ஒன்று சொல்லவும் முடியவில்லை. எனக்கு உள்ளூர வருத்தம். இத்தனை நாள் வைத்துப் பார்த்துக்கொண்டோமே, இன்னும் கொஞ்ச நாள் இருந்தால் என்ன குறைந்துவிடும் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை சாக்குகளையும் பெட்டியையும் ஆட்டோவில் ஏற்றிப் போனோம். பெட்டியில் தொங்கிய பூட்டைக் கழற்றி வாசல் கதவில் மாட்டினார். ஒரு தடவை பூட்டி, ஒரு தடவை திறந்து, உள்ளே போனார். பம்ப் ஸ்டவ்வைப் பற்றவைத்துப் பால் சட்டியை ஏற்றினார். வருத்தத்தை மறைக்க நான் அவரைச் சீண்டினேன்.

"எங்க வீட்டுல எத்தன நாள் இருந்தீங்க பெரியம்மா? இருபது வருஷம் இருக்குமா?"

அவர் சிரிப்பார் என்று பார்த்தேன். திரும்பக்கூட இல்லை.

"ரெண்டு தீபாவளி. ஒரு பொங்கல். உங்க பெரியப்பா திதி ஒண்ணு, டிவி மேல வச்சி" என்றார். கொஞ்ச நேரம் பாலைப் பார்த்தார். "நீ நல்லாத்தான் வச்சிருந்த கண்ணு. ஒரு கொற சொல்ல முடியாது. ஆனா இன்னொரு பொங்கல், இன்னொருத்தர் அடுப்புல, எனக்கு வேணாம்."

எத்தனை நாள் என்று கேட்டதற்கு, கூட்டாமல் குறைக்காமல் அவர் சொல்லிக் கேட்ட கணக்கு அது ஒன்றுதான். ஒன்றரை வருஷம்கூட முழுதாக ஆகவில்லை. அவர் வாயில் அது ஏன் இருபதாக மாறவில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது; ஒவ்வொரு நாளையும் எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறார். அந்த வெண்கலப் பானையை எடுத்துக் கொடுக்கலாம் என்று சாக்கின் வாயை அவிழ்க்கப் போனேன்.

"நீ உக்காரு" என்றார் பெரியம்மா. "வீட்டுக்கு வந்தவ நீ. நான் எடுத்து வச்சிக்கறேன்."

பால் பொங்கியது. முதல் டம்ளரை என்னிடம் கொடுத்தார்.